சேர்ந்து எழுதியது

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? என் வாலுப் பெண்ணுக்கு இருமல் நின்றதா? முன்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாள். விழுந்ததும் எழுது. அவள் அப்பா போன பிறகு அவளை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன், இப்போது அவள் பல்லைக்கூடக் கடிதத்தில்தான் பார்க்கிறேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். ஹாஸ்டலில் போன் வார்டன் அறையில் இருக்கிறது. அந்த அறைக்குக் காது ஜாஸ்தி.

ஒரு உதவி வேண்டும். நீ கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவன், இங்கிலீஷ் உனக்குத் தண்ணி பட்ட பாடு. பலர் சேர்ந்து ஒரு நோக்கத்துக்காக வேலை செய்வதற்கு இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை இருக்கிறது? எது எந்த இடத்தில் வரும்? ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒரு பரீட்சை மாதிரி வைக்கிறார்கள். எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு "டீம் ஒர்க்" தவிர ஒன்றும் வரவில்லை.

வார்டில் வேலை குறைவு. ஒன்பதாம் படுக்கையில் இப்போதைக்கு யாரையும் போடவில்லை.

சீக்கிரம் எழுது. எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஜனவரி 20

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இருமல் போயே போச்சு. பல் இன்னும் விழவில்லை, நாக்கால் தள்ளித் தள்ளியே வீட்டை இரண்டாக்குகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்த வயசில் உனக்குப் பரீட்சையா? சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

"டீம் ஒர்க்" என்று எழுதாதே. வேலை கேட்டு விண்ணப்பம் போடுகிற அத்தனை பேரும் எழுதி எழுதி அதில் சாரமே இல்லை. "கோஆப்பரேஷன்" என்றால் ஒத்துழைப்பு. எங்கள் கோர்ட்டில் அதற்கு வேறு ருசி. போலீஸ்காரர் ஒருவனைப் பார்த்து "கோஆப்பரேட் பண்ணுப்பா" என்றால், வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய் என்று அர்த்தம். "கோஆர்டினேஷன்" உனக்குப் பொருத்தம். நீ மருந்தை எடுத்து வைக்கிறாய், டாக்டர் வந்து போடுகிறார், அடுத்த ஷிப்ட்காரி குறித்துக்கொள்கிறாள். ஒருத்தர் கை மற்றவர் கைக்காகக் காத்திருக்காமல் வேலை நடக்கிறது, அதுதான். "கொலாபரேஷன்" என்பது இரண்டு மூன்று தலை சேர்ந்து ஒன்றை உண்டாக்குவது. பெரிய வார்த்தை, ஆனால் யுத்த காலத்தில் எதிரியோடு கைகோத்தவனுக்கும் அதே பெயர்தான், பார்த்து வை. "சாலிடாரிட்டி" என்று ஒன்று இருக்கிறது. ஒருத்தனுக்கு அடி விழும்போது மற்றவர்கள் நகராமல் நிற்பது. அது ஆஸ்பத்திரிப் பரீட்சைக்கு வேண்டாம், சங்கத்து ஆள் என்று நினைப்பார்கள்.

எழுதியதை அனுப்பு, திருத்தித் தருகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பெரிய சிஸ்டரிடம் காட்டினேன். அவர்தான் எங்கள் வார்டுக்குப் பொறுப்பு. "கோர்ட்ல இருக்கிற தம்பியா? நமக்குக் கடவுள் அனுப்பின ஆளு"ன்னு சொன்னார்.

நாலு பேர் சேர்ந்து ஒரு பாரா எழுதியிருக்கிறோம். இதோடு வைத்திருக்கும் தாள் அதுதான். ஒரு நோயாளியை ஸ்கேன் எடுக்கக் கீழே அனுப்புவது பற்றி. நர்ஸ்களும் டாக்டரும் சேர்ந்து ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்து அனுப்புகிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் நடுவழியில் நோயாளியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். கற்பனைதான். சேர்ந்து வேலை செய்வதில் ஒருத்தர் மட்டும் சேராவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டுமாம்.

படிக்கிறவர் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும். சீக்கிரம் வேண்டும்.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் தலைவலி. பல் விழுந்ததா?

அக்கா

பிப்ரவரி 12

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தலைவலிக்குக் கண்ணைச் சோதித்துக்கொள். பல் விழுந்துவிட்டது! உனக்கு அனுப்பியே தீருவேன் என்று அழுகை. உறைக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே.

பாரா நன்றாக வந்திருக்கிறது. "நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி இருந்ததை "இன் க்ளோஸ் கோஆர்டினேஷன்" என்று மாற்றினேன். எழுதினவர்கள் ஒழுங்கானவர்கள் என்று அந்த மூன்று வார்த்தையே சொல்லிவிடும். அப்புறம் ஸ்ட்ரெச்சர்காரர். அவர் போனதற்கு "லெஃப்ட்" என்று போட்டிருந்தீர்கள். சொத்தை வார்த்தை. ஊரை விட்டும் போகலாம், ஆபீஸை விட்டும் போகலாம். "அபாண்டன்" என்று போட்டிருக்கிறேன். கைவிட்டுப் போவது. கோர்ட்டில் இதை வாசித்தால் ஜட்ஜே நிமிர்ந்து உட்காருவார்.

அதற்கு அடுத்து "வேறு சிலிண்டர் கொண்டுவர" என்று இருந்ததை யாரோ பேனாவால் அடித்திருக்கிறார்கள். சரியாகத்தான் அடித்தார்கள். காரணம் சொன்னால் வாக்கியத்தின் கூர் மழுங்கிப் போகும். எந்தப் புண்ணியவானோ, அவருக்கு என் தொழில் தெரிந்திருக்கிறது.

நல்ல படி எடுத்து அனுப்பியிருக்கிறேன். கிறுக்கல் தாளை நானே வைத்துக்கொண்டேன். பாஸ் ஆனதும் எழுது.

தம்பி

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

எங்கள் எல்லாருக்கும் சுகம். உனக்கு? ஒரு மாசமாகக் கடிதம் இல்லை. வார்டன் அறைக்குப் போன் போட்டேன். "டியூட்டில இருக்காங்க"ன்னு மூன்று தடவையும் ஒரே பதில். ஒருத்தி எப்படி மூன்று வேளையும் டியூட்டியில் இருப்பாள்?

பரீட்சை என்ன ஆச்சு? தேறாவிட்டாலும் பரவாயில்லை, தலை போகிற காரியமா? வாலு தினமும் தபால்காரரை வழி மறித்து நிற்கிறாள். "பல்லு அம்மாகிட்ட போய்ச் சேரலையா மாமா?" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

இரண்டு வரி எழுது. தலைவலி அதிகமா?

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

இருக்கிறேன். பல் வந்தது.

பரீட்சை முடிந்துவிட்டது. உன் பாரா எல்லாருக்கும் பிடித்திருந்தது.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை வேண்டும். பலர் கூடிப் பேசி, ஒரே பொய்யை எல்லாரும் சொல்வதற்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

குழந்தையைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

நீ கேட்டது "கொலூஷன்". இன்னும் முற்றினால் "கான்ஸ்பிரஸி", சதி. முதலில் எழுதியனுப்பிய நல்ல வார்த்தைகளுக்கு முன்னால் "கோ", "கொ" என்று ஒட்டிக்கொண்டிருக்கிற அதே "கூட", அதே "சேர்ந்து"தான் இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் பட்டியல் போட்டபோது இந்த இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டேன். என் அக்காவுக்கு இவை எதற்கு என்று.

மறைக்காமல் சொல். அந்தப் பாரா கற்பனையா? ஒன்பதாம் படுக்கை காலி என்று எழுதினாயே, அதில் இருந்தது யார்? ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் என்று ஒரு ஆள் நிஜமாகவே இருக்கிறாரா? இப்போது அவர் எங்கே?

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு அக்கா.

இருக்கிறார். ஜெயிலில் இருக்கிறார்.

அவரை எல்லாரும் "ஓரம்" என்றுதான் கூப்பிடுவோம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு "ஓரம், ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே வருவார், டாக்டரே சுவரில் ஒட்டிக்கொள்வார். பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒன்பதாம் படுக்கையில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். நாற்பது வயசு, நுரையீரலில் கட்டி. ஊசி போட வந்தால் "டிக்கெட் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்பார்.

ஜனவரி மூணாம் தேதி, மத்தியானம் மூணு மணி. அவரைக் கீழ்த்தளத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஸ்ட்ரெச்சரோடு போகிற சின்ன சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, நர்ஸ் தாளில் எழுத வேண்டும். கூட ஒரு நர்ஸும் போக வேண்டும். அன்றைக்கு அந்த நர்ஸ் நான். நாலாம் படுக்கையில் கிழவர் ஒருவர் டியூபைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் முள்ளைப் பார்க்கவில்லை தம்பி. பார்க்காமலே "ஃபுல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய சிஸ்டர், "அவரு தள்ளிட்டுப் போகட்டும், நீ ரெண்டு நிமிஷம் இங்க இரு" என்றார். இருந்தேன்.

கீழே ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசை. அங்கே காற்று தீர்ந்துவிட்டது. ஓரம் கத்தியிருக்கிறார், கதவு திறக்கவில்லை, லிஃப்ட் மேலே போய்விட்டது. மூன்று மாடி படியேறி ஓடிவந்தார். வாய் பேச வரவில்லை, வார்டில் இருந்த வேறு சிலிண்டரைக் காட்டினார். தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார், நான் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் கண் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலமே பெரிய சிஸ்டரும் டாக்டரும் எங்களை மருந்து அறைக்குக் கூப்பிட்டார்கள். "நாம எல்லாரும் ஒரே டீம். ஒருத்தர் விழுந்தா எல்லாரும் விழுவோம்" என்றார் டாக்டர். எனக்காகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே எனக்காகவும்தான். நான் அழுதேன், நன்றி சொன்னேன். கூட்டு அறிக்கை என்று தீர்மானமாயிற்று. உன்னைக் கேட்டால் நல்ல இங்கிலீஷ் கிடைக்கும் என்று சொன்னவள் நான்தான்.

அறிக்கை போனது. அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். டிரைவர் மனைவி போலீஸில் எழுதிக் கொடுத்தார். போலீஸ் அறிக்கையைக் கேட்டு வாங்கியது, மார்ச்சில் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. "அபாண்டன் பண்ணிட்டான்னு எழுத்துல இருக்கே" என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம்.

அன்றிலிருந்து நாற்பது நாளாக நான் ஒன்பதாம் படுக்கைப் பக்கம் திரும்பவில்லை. ஊசி போட முடியவில்லை. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இல்லை. அந்தப் பக்கம் போகாமல் இருக்க என்னை நானே பிடித்துக்கொண்டிருக்கிறேன். பல்லைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும்?

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

முதலில் அந்த மாடிக்குப் போகாதே. ஹாஸ்டலில் நம்பிக்கையான ஒருத்தியோடு அறையில் இரு. இது என் தலைமேல் ஆணை.

மற்றதற்கு இதுதான் என் பதில். பேசாமல் இரு. நாலு பேர் கையெழுத்து, நீ மட்டும் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்? கோர்ட்டில் பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன், உண்மையைச் சொன்னவர் நிம்மதியாக வீடு போனதில்லை. அவருக்கு வக்கீல் கிடைப்பார், வெளியே வந்துவிடுவார். வாலுவுக்கு அப்பா இல்லை. அம்மாவும் இல்லை என்று ஆக்கிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 29

அன்பு அக்காவுக்கு,

முந்தாநாள் எழுதியது வந்திருந்தால் கிழித்துப் போடு.

நேற்று ஒரு ஜாமீன் மனு மொழிபெயர்க்க வந்தது. பஸ் நிலையத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனதாக ஒரு பெண் மேல் வழக்கு. அவள் வாக்குமூலம் ஒரே வரி: "பால் வாங்கப் போனேங்க." வக்கீல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வழக்கம்போல அபாண்டன்னே போடுங்க சார், எதுக்கு யோசனை?" என்றார். பேனா நகரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வார்த்தையைப் போட்டவன் நான். உங்களில் யாரும் இல்லை. நீங்கள் பயத்தில் செய்தீர்கள். நான் சாமர்த்தியத்தைக் காட்டச் செய்தேன், சிரித்துக்கொண்டே செய்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய தாளைத் தேடி எடுத்தேன். அடித்த வரி வெளிச்சத்தில் நன்றாகவே தெரிகிறது: வேறு சிலிண்டர் கொண்டுவர. அது பெரிய சிஸ்டர் கையெழுத்துதானே? அவருக்கும் முதலில் உண்மைதான் வந்திருக்கிறது, பிறகுதான் அடித்திருக்கிறார். அதைப் பதிவுத் தபாலில் இதோடு அனுப்புகிறேன். வார்த்தையை மாற்றியது நான் என்று என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அதையும் வைத்திருக்கிறேன். கோர்ட் ஊழியன் வெளியாருக்கு அறிக்கை எழுதித் தரக் கூடாது. என்னைக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

நீ சொல் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. எந்தப் பக்கம் போனாலும் வாலு இங்கே பத்திரமாக இருப்பாள். உனக்கும் வீடு இதுதான்.

தம்பி

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

உடம்பு தேவலை. உன்னை ஆபீஸில் என்ன செய்தார்கள்? மெமோவோடு விட்டார்களா? உன் வீட்டுக்காரி என்னைத் திட்டியிருப்பாள். திட்டட்டும், நியாயம்தான்.

விசாரணை மே இருபத்தெட்டாம் தேதி நடந்தது. ஆஸ்பத்திரியின் மீட்டிங் அறை, நீள மேஜை. விசாரணை அதிகாரி, போலீஸ்காரர், டிரைவர் மனைவி. ஓரத்தை இரண்டு பேர் கூட்டிவந்து நிறுத்தினார்கள். பாதி ஆளாகியிருந்தார். அதிகாரி அறிக்கையை வாசித்துவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். டாக்டர் ஆமாம் என்றார். பெரிய சிஸ்டர் ஆமாம் என்றார். கையெழுத்துப் போட்ட இன்னொரு நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

என் முறை வந்தது. "நீங்க எல்லாரும் சேர்ந்துதான் சிலிண்டரைப் பார்த்தீங்களா?"

"யாருமே பாக்கலைங்க. யாருமே செய்யாததைத்தான் சேர்ந்து செஞ்சோம்னு எழுதினோம். ஃபுல்னு போட்ட கையெழுத்து என்னோடது, என்னோடது மட்டும்."

தாளை மேஜையில் வைத்தேன். உன் கடிதத்தையும் வைத்தேன். பெரிய சிஸ்டர் தன் கையெழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் மட்டும், "மன அழுத்தம், ஏதோ உளர்றாங்க" என்றார். யாராவது ஒருத்தர் என் பக்கம் எழுந்திருப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது டிரைவர் மனைவி ஓரத்தைப் பார்த்து, "அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார். ஐந்து மாசமாக இதை அந்த மனுஷனிடம் யாருமே கேட்கவில்லை தம்பி.

"சொன்னாருங்க. அவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நின்னேன். 'ஓடுய்யா, நான் எங்கயும் போயிட மாட்டேன்'னாரு. சிரிச்சாருங்க."

அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அதற்கு மேல் விசாரணை நடக்கவில்லை.

ஓரத்தை மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. வழக்கு இப்போது என் மேல். டாக்டர் மேலும் பெரிய சிஸ்டர் மேலும் தனியாக விசாரிக்கிறார்களாம். என் நர்ஸ் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு என்று இன்னும் சொல்லவில்லை. ஜாமீனில் இருக்கிறேன். வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தேதிக்கும் இங்கே வந்து நிற்க வேண்டும். ஜெயில் கிடைக்குமா என்று கேட்டால் வக்கீல் கூரையைப் பார்க்கிறார். குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் யோசித்து வை.

ஹாஸ்டலை இன்று காலை காலி செய்தேன். இரும்புப் பெட்டி, ஆறு வருஷச் சாமான். நாலாவது மாடி. ஒருத்தியும் அறையை விட்டு வெளியே வரவில்லை. பெட்டியை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ ஏறி வந்தார்கள். ஓரம். பக்கத்து ஊழியர் அறையில் கிடந்த தன் மீதிச் சாமான்களை எடுத்துப்போக வந்தாராம், சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறார்.

என்னால் நிமிர முடியவில்லை. "மன்னிச்சுடுங்க" என்றேன்.

பெட்டியைப் பார்த்தார். "மன்னிக்கலைம்மா" என்றார். "இப்ப முடியல. அப்புறம் முடியுமான்னும் தெரியல."

நான் தலையாட்டினேன். பெட்டியை மறுபடி பிடித்தேன், கை வழுக்கியது.

"அதை விடுங்க, கால்ல போட்டுக்குவீங்க. ஒரு ஆளால ஆகிற வேலையா இது? அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

அவர் கீழ்ப்பக்கம் பிடித்தார், நான் மேல்பக்கம் பிடித்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினோம். கீழே வாசலில் இறக்கியதும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை வண்டி வந்து சேரும்.

அக்கா